சிகுசா ஹோரிபே படித்த இரண்டு பள்ளிக்கூடங்கள்

சிகுசா ஹோரிபேவுக்கு எட்டு வயதானபோது அவள் அப்பாவைக் கம்பெனி அமெரிக்காவுக்குத் தூக்கிப் போட்டது. கார் சீட்டை முன்னும் பின்னும் தள்ளுவதற்கு அடியில் ஒரு இரும்புத் தண்டவாளம் இருக்குமே, அதைச் செய்கிற கம்பெனி. ஜப்பானில் மிகாவா பக்கத்தில் எங்கள் ஊரே அப்படித்தான். ஒரு வீட்டுக்காரர் சீட் தண்டவாளம், அடுத்த வீட்டுக்காரர் வைப்பர், எதிர் வீட்டுக்காரர் ஹாரன். முழுசாக ஒரு காரைச் செய்தவன் எங்கள் தெருவில் ஒருவனும் கிடையாது.

அப்பா மசாயோஷிக்கு அப்போது மொத்தம் நாற்பது இங்கிலீஷ் வார்த்தை தெரியும். அதில் முப்பது போல்ட், நட்டு சம்பந்தப்பட்டவை. அம்மா ஃபுசாகோவுக்கு அந்த நாற்பதும் தெரியாது, பயமும் தெரியாது. போகப் போகும் மாநிலத்தின் பெயர் ஒஹையோ என்று கேட்டதும், நம் ஊர்க் காலை வணக்கம் மாதிரியே இருக்கிறதே, நல்ல ஜனங்களாகத்தான் இருப்பார்கள் என்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

நல்ல ஜனங்கள்தான். ஆனால் பேசிக்கொண்டே இருந்தார்கள். சிகுசாவின் வகுப்பில் வாரத்துக்கு ஒருநாள் ஆளுக்கொரு பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு பையன் விழுந்த பல்லைக் கொண்டுவந்து கால்மணி நேரம் பேசினான். சிகுசா ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊரில் வாயைத் திறக்காத பிள்ளைக்கு நல்ல பிள்ளை என்று பெயர். அங்கே அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். 'இனிமையான குழந்தை, ஆனால் பங்கெடுப்பதில்லை' என்று மிஸஸ் ப்ராண்ட் டீச்சர் நான்கு முறை மதிப்பெண் அட்டையில் எழுதி அனுப்பினார். முதல் பாதியை மட்டும் அகராதியில் பார்த்துவிட்டு ஃபுசாகோ அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தாள்.

நான்காம் வகுப்பில் விஷயம் முற்றியது. 'என்னிடம் என்ன விசேஷம்?' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். சிகுசா பென்சிலைக் கூராகச் சீவி, அழகான எழுத்தில் ஒரே வரி எழுதினாள்: விசேஷமாக ஒன்றும் இல்லை, எல்லாரையும் போலத்தான். எங்கள் ஊர்ப் பள்ளியில் இந்த வரிக்குச் சிவப்பு மையில் பெரிய வட்டம் கிடைத்திருக்கும். அங்கே அப்பாவையும் அம்மாவையும் வரச்சொல்லி ஆள் விட்டார்கள்.

டூகன் என்பவர் பள்ளியின் மனநல ஆலோசகர். கழுத்துப் பட்டையில் வாத்துப் படம். மேஜைமேல் கண்ணீர் துடைக்கக் காகிதப் பெட்டி ஒன்று. மொழிபெயர்க்க ஆள் இல்லாததால் குற்றவாளியே மொழிபெயர்த்தாள்.

"உங்க பொண்ணு தன்னைப் பத்தி ரொம்பத் தாழ்வா நினைக்கிறா, மிஸ்டர் ஹோரிபே."

"அப்பா, நான் என்னை மட்டமா நினைக்கிறேனாம்."

மசாயோஷி எழுந்து நின்று ஆழமாகக் குனிந்தார். "ரொம்ப நன்றி. ஏதோ எங்களால முடிஞ்ச அளவுக்கு அப்படி வளர்த்திருக்கோம்னு சொல்லு."

சிகுசா சொன்னாள். டூகன் ஏதோ குறித்துக்கொண்டு காகிதப் பெட்டியை அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

"வீட்ல அவளைப் பாராட்டுவீங்களா?"

"எதுக்குப் பாராட்டணும்னு கேளு. ஏதாவது பண்ணினாளா?"

"எதுவும் பண்ண வேண்டாம். அவ அவளா இருக்கிறதுக்காகவே."

மசாயோஷி இதை நிஜமாகவே யோசித்தார். "அவ வேற யாரா இருக்க முடியும்?" என்று கேட்டார். பெட்டி இன்னும் நாலு அங்குலம் நகர்ந்தது.

அதன் பிறகு பத்து வாரம், வாரத்துக்கு அரைமணி நேரம், சிகுசா டூகனின் அறைக்குப் போய்க் கையில் ஒரு தவளைப் பொம்மையை மாட்டிக்கொண்டு, 'நான் விசேஷமானவள்' என்று அதைச் சொல்ல வைத்தாள். முதலில் தவளை விசேஷமானது. ஐந்தாம் வாரத்தில் அவள். பத்தாம் வாரத்தில் கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்கப் பழகிவிட்டாள். பதில் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. 'நல்ல கேள்வி' என்று ஆரம்பித்து, நடுவில் எதையாவது போட்டு, 'அதைத்தான் நான் நினைக்கிறேன்' என்று முடித்தால் மிஸஸ் ப்ராண்ட் நட்சத்திரம் ஒட்டுவார். எட்டு மாதத்தில் அவள் நோட்டில் வானமே இருந்தது.

வகுப்பில் இப்படி என்றால் சாப்பாட்டுக் கூடத்தில் வேறு பாடம். 'நீ நீயாக இரு' என்று சுவரில் எட்டடி நீளத்துக்கு எழுதியிருக்கும். அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி வெள்ளை ஷூ போட்டிருப்பார்கள். ஷூவைக் கொண்டுதான் மேஜை. ஜன்னலோரம் முதல் மேஜை, அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. கடைசியில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று. கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டையோடு போனவள் கார்பன் பேப்பர் தின்கிறாள் என்று செய்தி பரவி, சிகுசா இரண்டு வருஷம் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டாள். மேஜை வரிசையை யாரும் எழுதி ஒட்டவில்லை. யார் வகுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தப்பான மேஜையில் உட்கார்ந்தால் பிரின்சிபாலே காப்பாற்ற முடியாது.

ஏழாம் வகுப்பில் நீச்சலில் இரண்டு பதக்கம் வாங்கியதும் இரண்டாவது மேஜையிலிருந்து அழைப்பு வந்தது. போனாள். மூன்றாம் நாள், பெகி என்ற பழைய மேஜைக்காரி தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்து வந்தாள். சிகுசா அந்த நாற்காலிமேல் தன் பையை எடுத்து வைத்தாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை. பெகி தட்டைத் திருப்பிக்கொண்டு போனாள். தன் பள்ளிக்கூடக் கதைகளை எல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் சிகுசா, இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டாள்.

வாரத்தில் ஐந்து நாள் இப்படி. ஆறாவது நாள் சனிக்கிழமை, ஒன்றரை மணி நேரம் காரில் போய் ஜப்பானியப் பள்ளி. திரும்பி வந்தால் பின்தங்கிவிடக் கூடாது என்று சித்திர எழுத்துகளை மூட்டை மூட்டையாகத் தலையில் ஏற்றினார்கள். ஃபுசாகோ வழியெல்லாம் லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டே ஓட்டுவாள். ஆறு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட இங்கிலீஷில் பாதியை மகள் மொழிபெயர்க்க மறுத்தாள்.

1990 ஏப்ரலில் திரும்பி வந்தார்கள். சிகுசா எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. இங்கே வெள்ளை ஷூ போட வேண்டும் என்று சட்டப் புத்தகத்திலேயே அச்சடித்திருந்தது, படத்தோடு. "இவங்க எவ்வளவோ பரவாயில்ல, மறைக்கல" என்று சிகுசா அம்மாவிடம் சொன்னாள்.

அந்தப் புத்தகத்தில் முடி பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். நீச்சல்குள மருந்தில் ஊறி அவள் முடி டீ நிறத்துக்கு வந்திருந்தது. இது சாயம் இல்லை என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும், சின்ன வயசுப் போட்டோவும் வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆசிரியர் சொல்லி அனுப்பினார். ஃபுசாகோ பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் எடுத்த போட்டோவைக் கொண்டுபோய் வைத்தாள். "ஸென்ஸே, இதுல தலையில ஒரு முடிகூட இல்ல. அதையே ஒரிஜினல்னு வச்சுக்கலாமா?" என்று கேட்டாள். ஆசிரியரை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். ஸென்ஸே சிரிக்கவில்லை. ஹோரிபே குடும்பத்துக்கு அன்றைக்கே ஒரு கோப்பு திறந்துவிட்டார்கள்.

முதல் நாள் எல்லாரும் எழுந்து தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். முப்பத்தெட்டு பேர். பெயர், கிளப், தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள், குனி, உட்கார். ஆளுக்கு ஒன்பது விநாடி. சிகுசாவின் முறை வந்தது. தவளைப் பொம்மை வீண்போகவில்லை. தான் நீச்சலில் கெட்டிக்காரி என்றாள். நன்றாக விசில் அடிப்பேன் என்றாள். பதினோரு மாநிலம் பார்த்திருக்கிறேன் என்றாள். தலைமை தாங்கும் குணம் தனக்கு இயல்பாகவே இருப்பதாகச் சொல்லிவிட்டு, கேள்வி ஏதாவது உண்டா என்று சுற்றிலும் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பேஸ்பால் மைதானத்தில் யாரோ துப்பிய சத்தம் வரை கேட்டது.

அதைக்கூட மறந்திருப்பார்கள். மறுவாரம் இங்கிலீஷ் வகுப்பு. தோகாரி ஸென்ஸே இருபத்திரண்டு வருஷமாக அதே பாடத்தை அதே குரலில் வாசிப்பவர். என் அண்ணனுக்குச் சோறு பிடிக்கும் என்பது வாக்கியம். அவர் வாயில் 'ரைஸ்' போய் 'லைஸ்' ஆகித்தான் வரும். சிகுசாவின் கை தானாக மேலே போனது.

"ஸென்ஸே, அது ரைஸ். நீங்க சொன்னா பேன்னு அர்த்தம் ஆயிடும். அவங்க அண்ணனுக்குப் பேன் பிடிக்கும்னு."

வகுப்பு சிரித்தது. தோகாரி ஸென்ஸேயின் காது சிவந்ததைப் பார்த்ததும் சிரிப்பு அறுத்துப் போட்டதுபோல நின்றது. அவர் "சரி" என்று மட்டும் சொல்லி அடுத்த வரிக்குப் போனார்.

மறுநாள் காலை அவளுக்குப் பேன் என்று பெயர். வைத்தவள் வகானா இனுஸுகா. வகுப்பில் முதல் மூன்று ரேங்குக்குள் இருப்பவள், பேட்மின்டன் கிளப், சத்தமே போடாதவள். அதற்கு மேல் அவள் செய்ததெல்லாம், சிகுசா 'காலை வணக்கம்' சொன்னபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. மற்ற முப்பத்தாறு பேரும் அன்றைக்கு ஜன்னல் வழியாக எதையோ பார்த்தார்கள். மதியம் ஆறு பேர் மேஜைகளை ஒட்டிப் போட்டுப் பள்ளிச் சாப்பாடு சாப்பிடுவது வழக்கம். சிகுசாவின் மேஜைக்கும் மற்ற ஐந்துக்கும் நடுவில் ஒரு முஷ்டி அளவு இடைவெளி விட்டார்கள். எட்டிப் பார்க்கும் ஆசிரியருக்கு மேஜைகள் சேர்ந்திருப்பதாகத்தான் தெரியும். அந்த அளவை யாரோ கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஒஹையோவில் அவளைக் கார்பன் பேப்பர் தின்னி என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். இவளும் திருப்பி ஏதாவது சொன்னாள். இங்கே சொல்வதற்கு எதிரில் ஆளே இல்லை. எங்கள் பள்ளிகளில் துப்புரவு பிள்ளைகளின் வேலை. குப்பைக் கூடை தூக்கும் நாள் அவள் பெயர் சரியாகப் பலகையில் இருக்கும். தரை துடைக்கும்போது அவளுக்குரிய அடி அகலம் அவளுக்கென்று விடப்பட்டிருக்கும். எல்லாம் முறைப்படி நடந்தது. பேச்சு மட்டும் கிடையாது.

அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். குளியலறைக் கண்ணாடி முன் நின்று இங்கிலீஷைக் கெடுத்துக்கொள்ளப் பழகினாள். மில்க் என்பதை 'மிருக்கு' என்றும் தியேட்டரை 'ஷியாத்தா' என்றும் தினம் இருபது முறை.

"உன் வாய்க்கு என்னடி ஆச்சு?" என்று ஃபுசாகோ கதவைத் தட்டினாள்.

"இங்கிலீஷை மறக்கப் பழகுறேன்."

"ஆறு வருஷம் அங்க கிடந்து நாம கொண்டாந்ததுல அது ஒண்ணுதான் உருப்படி. அதையும் ஒழிச்சிடாத."

"நீயே வந்து அந்த மேஜையில உக்காந்து சாப்பிட்டுப் பாரும்மா."

ஃபுசாகோ கதவை விட்டு நகர்ந்தாள். அவளுக்கே பாடு தனி. பிள்ளைகள் தரை துடைக்கத் தாய்மார்கள் தைத்துத் தர வேண்டிய துணியை அவள் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டாள். இயந்திரத் தையலைக் கண்டுபிடிக்கவென்றே எங்கள் தெருவில் இரண்டு பேர் இருந்தார்கள்.

செப்டம்பரில் தோகாரி ஸென்ஸே சிகுசாவை ஆசிரியர் அறைக்கு அழைத்தார். மாவட்ட அளவில் இங்கிலீஷ் பேச்சுப் போட்டி. தலைமை ஆசிரியருக்கு ஒரு கோப்பை வேண்டும். தன்னைத்தான் அனுப்பப் போகிறார்கள் என்று சிகுசா நினைத்தாள்.

"வெளிநாட்டுல ஒரு வருஷத்துக்கு மேல இருந்தவங்க கலந்துக்கக் கூடாது. விதி," என்றார் ஸென்ஸே. "இனுஸுகாவை அனுப்பறோம். நீ அவளுக்கு உச்சரிப்பு சொல்லிக்குடு."

"வேற யாரும் இல்லையா, ஸென்ஸே?"

"இருக்கேன். நான்தான்." அவர் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் இதுவரைக்கும் ஒரு வெளிநாட்டுக்காரன்கிட்ட மூணு நிமிஷம் சேர்ந்தாப்போல பேசினதில்ல, ஹோரிபே. புத்தகத்துல இருக்கிறது எனக்குத் தெரியும். வாயில வர்றது தெரியாது. நீ சொன்னது சரிதான். ஆனா இனிமே என்னைத் திருத்தறதா இருந்தா, இங்க வந்து திருத்து."

ஒரு பெரிய மனிதர் தன்னிடம் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வரும் வழியிலேயே, வகானாவுக்கு ஒவ்வொரு வார்த்தையையும் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும் என்ற யோசனையும் கூடவே வந்தது.

பழைய படம் காட்டும் கருவிகளைப் போட்டு வைத்திருந்த அறையில் ஆறு வாரம் பயிற்சி. வகானாவின் பேச்சுக்குத் தலைப்பு, 'ஒரு புன்னகை உலகை மாற்றும்.' அதில் நடுவில் இப்படி ஒரு வாக்கியம்: நம் அருகில் தனியாக அமர்ந்திருப்பவரைப் பார்த்து நாம் ஏன் புன்னகைக்கக் கூடாது? சிகுசா அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள்.

"இது நீ எழுதினதா?"

"அம்மா எழுதினாங்க. ஸென்ஸே இங்கிலீஷ் ஆக்கினார்."

"படிச்சுப் பாத்தியா?"

"மனப்பாடமே பண்ணிட்டேன்," என்றாள் வகானா. அவள் குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே அவள் அதை ஒரு பாடமாகத்தான் பார்த்தாள்.

தப்பாகச் சொல்லிக்கொடுக்கும் திட்டம் இரண்டாம் வாரத்தில் கைவிடப்பட்டது. காரணம் இரக்கம் அல்ல. வகானா அவ்வளவு வேகமாகக் கற்றுக்கொண்டாள். தன் ஒஹையோ உச்சரிப்பு இன்னொரு வாயிலிருந்து சுத்தமாக வருவதைக் கேட்க சிகுசாவுக்கே பெருமையாக இருந்தது. வகுப்பில் பேச்சு இல்லை; அந்த அறைக்குள் மட்டும் பேச்சு உண்டு. வகானாவுக்குத் தினமும் இரவு ஒன்பதரை வரை டியூஷன் என்பதும், அரிசிக் கேக் தின்றே வயிற்றை ரொப்பிக்கொள்கிறாள் என்பதும் அங்கேதான் தெரிந்தது. இந்தக் கோப்பை கிடைத்தால் உயர்நிலைப் பள்ளிக்குப் பரிந்துரை கிடைக்கும் என்று அவள் அம்மா காலண்டரில் போட்டியன்று சிவப்பு வட்டம் போட்டிருக்கிறாளாம்.

ஒருநாள் சிகுசா கேட்டேவிட்டாள். "எதுக்கு என்னை அப்படிப் பண்ணினீங்க?"

வகானா கருவியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "முதல் வருஷம் என்னைப் பண்ணினாங்க. ஆறு வாரம். எதுக்குன்னு எனக்கு இன்னும் தெரியாது. நீ வந்ததும்தான் எனக்கு நிம்மதியாச்சு."

சிகுசாவுக்குக் கோபம் வந்தது. வந்த இடத்திலேயே பெகியும் அந்த நாற்காலியும் நினைவுக்கு வந்துவிட்டதால், முழுசாகக் கோபப்பட முடியவில்லை.

"சரி, நாலாவது பத்தி. ஆரம்பி," என்றாள்.

கடைசி வாரத்தில் ஒரு சிக்கல். பேச்சு முடிந்ததும் நடுவர் ஒரு கேள்வி கேட்பாராம். மனப்பாடம் பண்ண முடியாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதில் வகானாவின் முகம் வெளுத்தது.

"பதில் தெரியலன்னா என்ன பண்றது?"

"தெரிய வேண்டாம். அங்க யாருக்கும் தெரியாது. 'நல்ல கேள்வி'ன்னு ஆரம்பி. நிறுத்தாத. வாயில என்ன வருதோ அதைச் சொல்லு. நிறுத்தினாத்தான் மாட்டிக்குவே."

"அது ஏமாத்துறது இல்லையா?"

"அதுக்கு அங்க நட்சத்திரம் ஒட்டுவாங்க."

போட்டி நகர மண்டபத்தில் நடந்தது. முன்னூறு பேர். தோகாரி ஸென்ஸே வேர்த்துக்கொண்டிருந்தார். வகானா மேடையேறி, புன்னகை உலகை எப்படியெல்லாம் மாற்றும் என்று ஒரு பிசிறு இல்லாமல் ஐந்து நிமிஷம் சொல்லி முடித்தாள். பிறகு நகோயாவில் ஏதோ கல்லூரியில் பாடம் நடத்தும் அமெரிக்கக் கிழவர் ஒருவர் மைக்கை வாங்கி, மிக அன்பாகக் கேட்டார்.

"ரொம்ப அழகாப் பேசினேம்மா. நீ இதைச் செஞ்சு பாத்திருக்கியா? உன் வகுப்புல, தனியா உக்காந்திருக்கிற யாரையாவது பாத்துச் சிரிச்சியா?"

வகானா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அது நல்ல கேள்வி," என்றாள். நிறுத்தவில்லை. எங்கள் வகுப்புக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள் என்றாள். யாரும் அவளோடு பேசவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள் என்றாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இப்போது நாங்கள் உயிர்த்தோழிகள். "அதோ, அங்கே உட்கார்ந்திருக்கிறாள்," என்று கையை நீட்டிக் காட்டிவிட்டாள்.

முன்னூறு தலையும் திரும்பின. கிழவர் கைதட்ட ஆரம்பித்தார். மண்டபமே தட்டியது. சிகுசா எழுந்து நின்று குனிய வேண்டியதாயிற்று. பக்கத்தில் தோகாரி ஸென்ஸே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்பது யாருக்கும் தெரியாது.

இரண்டாம் பரிசு.

திரும்பும் பஸ்ஸில் சிகுசா நேராகப் போய் வகானா பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ எப்போ சிரிச்சே?"

"நீதானே நிறுத்தாம பேசச் சொன்னே."

"பொய் சொல்லச் சொல்லல."

"எனக்கு வேற யாரும் ஞாபகத்துக்கு வரல," என்றாள் வகானா. மடியில் இருந்த கோப்பையைக் கையால் மூடிக்கொண்டாள். "தனியா உக்காந்திருக்கிறவங்கன்னு அவர் கேட்டாரு. உன் மூஞ்சிதான் வந்துச்சு."

விஷயம் இத்தோடு முடிந்திருந்தால் வெறும் பொய்யாகப் போயிருக்கும். திங்கட்கிழமை கூட்டத்தில் தலைமை ஆசிரியர் அந்தக் கதையை எழுநூறு பேருக்கு முன்னால் சொன்னார். பள்ளிச் செய்தித்தாளில் இரண்டு பேரையும் தோளோடு தோள் நிற்கவைத்துப் போட்டோ போட்டார்கள். பெற்றோர் சங்கத் தலைவி ஃபுசாகோவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். இயந்திரத் தையலை அதற்குப் பிறகு யாரும் குறிப்பிடவில்லை. பள்ளியின் மானம் அந்த நட்பில் தொங்கியது. எங்கள் ஊரில் ஒன்றை அச்சடித்துவிட்டால் அது நடந்தே ஆக வேண்டும். அன்று மதியம் வகானா எழுந்து தன் மேஜையை நகர்த்தி சிகுசாவின் மேஜையோடு இடித்து நிறுத்தினாள். மற்ற மேஜைகள் தாமாகவே வந்து சேர்ந்தன. ஆறு மாதமாக ஜன்னலைப் பார்த்தவர்கள், ஒஹையோவில் பனி எவ்வளவு விழும் என்று ஒரே நாளில் பதினோரு முறை கேட்டார்கள்.

சிகுசாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. தன் மேஜையை ஒரு முஷ்டி அளவு பின்னால் இழுத்துக்கொண்டு மூன்று நாள் தனியாகச் சாப்பிட்டாள். பள்ளிக்கூடமே பதறியது. தோழிகளுக்குள் சண்டையா என்று ஒழுங்குமுறை ஆசிரியர் வந்து விசாரித்தார்.

"என்ன வேணும் உனக்கு?" என்று வகானா நேராகவே கேட்டாள்.

"மன்னிப்புக் கேளு."

"கேட்டேன்னா நான் பண்ணினேன்னு ஆயிடும். அப்புறம் அந்தப் பேச்சே பொய்யாயிடும்."

"பொய்தானே."

வகானா தன் பையிலிருந்து இரண்டு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "சமூகவியல், சித்திர எழுத்து, ரெண்டும் பரீட்சை வரைக்கும் நான் சொல்லித் தர்றேன். நீ நாப்பது மார்க்குதான் வாங்குறே, எனக்குத் தெரியும்." அப்புறம் மிகவும் தணிந்து சேர்த்தாள். "காலையில வணக்கமும் சொல்றேன். முதல்ல நானே."

சொன்னபடி சொன்னாள். மறுநாள், அதற்கு மறுநாள், பள்ளி முடியும் வரை. சிகுசாவின் சமூகவியல் எழுபதுக்கு ஏறியது. மன்னிப்பு மட்டும் வரவே இல்லை.

உயர்நிலைப் பள்ளி நுழைவுக்கு, வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கென்று ஒரு நல்ல பள்ளியில் நான்கு இடம் வைத்திருந்தார்கள். நேர்முகத்தில் மூன்று பெரியவர்கள்.

"ஜப்பானியப் பள்ளிகளில் உனக்குப் பிடித்தது என்ன?"

"துப்புரவு நேரம். அங்க நாங்க குப்பை போடுவோம், ஒரு தாத்தா பொறுக்குவார். இங்க நாமளே பொறுக்கணும்னு தெரிஞ்சதும் நான் குப்பை போடறதையே விட்டுட்டேன்."

பெரியவர்கள் மகிழ்ந்து குறித்துக்கொண்டார்கள். "பிடிக்காதது ஏதாவது உண்டா?"

ஒன்றும் இல்லை என்பதுதான் சரியான பதில். வகானா இதை அவளுக்கு நான்கு முறை ஒத்திகை பார்த்து அனுப்பியிருந்தாள். சிகுசா வாயைத் திறந்தபோது பழைய தவளை எங்கிருந்தோ புறப்பட்டு வந்துவிட்டது.

"அங்க என்னைத் திட்டினவங்க பேரு எனக்குத் தெரியும். இங்க யார் என்னை ஒதுக்கினாங்கன்னு கேட்டா, யாருமே இல்ல. எல்லாரும் நல்ல பிள்ளைங்க. அதுதான் பிடிக்கல. அங்கயும் யோக்கியம் இல்ல, நானும் ஒருத்தியை ஒதுக்கினேன். ஆனா பண்ணினது நான்னு எனக்குத் தெரியும்."

நான்கு இடத்தில் ஒன்றும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

"அந்த ஒரு வாயை வச்சுக்கிட்டு நீ எங்கயும் தேற மாட்டே," என்றாள் வகானா. அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. சிகுசாவுக்குத்தான் வரவில்லை. ஆற்றுக்கு அப்பால் வணிகப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே பாதிப் பேர் படிக்க வந்தவர்களே அல்ல. ஆகவே யாரும் யாரையும் அளந்து பார்க்கவில்லை. விசில் அடித்தால் கூட்டம் சேர்ந்தது. மூன்று வருஷமும் சந்தோஷமாக இருந்தாள்.

பிறகு ஊர் டிரைவிங் பள்ளியில் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். இப்போது தலைமைப் பயிற்சியாளர். இரண்டு முறை கல்யாணம், ஒரு முறை விவாகரத்து, ஒரு பெண். வகானா பல் டாக்டர் ஆனாள். ஊர்க்கோடியில் அவள் ஆஸ்பத்திரி. சிகுசாவின் பற்களை அவள்தான் பார்க்கிறாள். வாயில் கருவியை வைத்துவிட்டு வகானா பேசிக்கொண்டே இருப்பாள், சிகுசா பதில் சொல்ல முடியாமல் படுத்திருப்பாள். தோகாரி ஸென்ஸே ஓய்வு பெற்றபின் ஒருமுறை சிட்னி போய் வந்து, நாலு நாளில் யாரிடம் என்னென்ன பேசினார் என்று அவளுக்கு ஆறு பக்கம் கடிதம் எழுதினார்.

கம்பெனிகள் இன்னமும் எங்கள் ஊர்க் குடும்பங்களை அமெரிக்காவுக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. உத்தரவு வந்த மறுவாரமே தாய்மார்கள் இனிப்புப் பெட்டியோடு சிகுசா வீட்டுக்கு வந்துவிடுவார்கள். போன வசந்தத்தில் ஒருத்தி வந்தாள். வைப்பர் கம்பெனிக்காரரின் மனைவி, முப்பத்திரண்டு வயது, கையில் புது நோட்டு. இரண்டு பள்ளிக்கூடத்தையும் பார்த்தவர் நீங்கள், எது நல்லது, என் பெண்ணை இப்போதே எப்படித் தயார் பண்ணுவது என்று கேட்டாள்.

"ரெண்டு இடத்துலயும் நல்ல பிள்ளைங்கதான் இருக்காங்க, அதுதான் தொந்தரவு," என்றாள் சிகுசா. "உங்க பொண்ணு, சுத்தி இருக்கிறவங்க எல்லாம் சிரிக்கும்போது தானும் சேர்ந்து சிரிக்காம இருக்கப் பழகட்டும். வேற ஒண்ணும் தயார் பண்ண வேண்டாம்."

அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். பேனாவை எடுக்காமலே நிமிர்ந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் பழகணும்ங்க?"

சிகுசா அவளையும் நோட்டையும் பார்த்தாள். இனிப்புப் பெட்டியைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள்.

"இருபது நிமிஷம்," என்றாள். "ஞாயித்துக்கிழமை லீவு விட்டுடுங்க."